வயிற்று நோயும் வாய்ச்சொல்லும்

நோயாளர் வாயினின்றும் பிறக்கும் சொற்களுள் ‘வயிறு வலிக்கின்றது’ என்பதனைப் போல எளிதிற் சொல்லப்படுவதும், அதனைப் போல அரிதின் அறியப்படுவதும் வேறொன்றில்லை. பாடம் ஒப்பிக்க அஞ்சிய சிறுவன் விடியற்காலையில் தாயிடம் சொல்லுவதும் இதுவே. இரைப்பை துளைபட்டு, விரைந்து அறுவை செய்யாவிடின் இரண்டொரு நாளில் உயிர் நீங்கும் நிலையில் கிடப்பவன் சொல்லுவதும் இதுவே. நள்ளிரவில் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நிற்கும் இளமருத்துவர் காதில் இருவர் சொல்லும் ஒன்றாகவே விழுகின்றது. அவ்வொரு சொல்லின் பின்னே மறைந்து நிற்கும் பகை எத்துணை! குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல், சிறுநீர்க் குழாயில் இறங்கிய கல், கணைய அழற்சி, குடலடைப்பு, இறங்கிய குடல் நெரிபட்டமை, கருப்பையிற் சேராது கருக்குழாயிலே தங்கிய கரு என இவை வயிற்றின்பாற்பட்டன. இவையன்றி, மாரடைப்பும் மேல்வயிற்று வலியாய் வேடம் புனைந்து வருவதுண்டு. முற்றிய நீரிழிவும் வயிற்றுவலியாய்த் தோன்றி மருத்துவரை மயக்குவதுண்டு. மற்றொரு பக்கம், பத்தாயிரத்திற்கு மேற்பட்ட கடும் வயிற்றுவலியாளரைப் பல நாடுகளில் ஆராய்ந்த ஒரு தொகுப்பில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்கு இன்ன நோய் என்று சுட்டத்தக்க காரணமே அகப்படவில்லை. அவர்கள் வலி தானே வந்தது, தானே நீங்கிற்று. ஆகவே மருத்துவர் செய்யவேண்டுவது, யாரை அறுவைக் கூடத்திற்கு விரைவிப்பது, யாரை வீட்டிற்கு அனுப்புவது என்று சில நாழிகைக்குள் தேர்ந்து தெளிதல்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் நகைத்தனர். நகைப்பு நியாயமே. கத்தி பிடிப்பது எம் கலையன்று. ஆயினும் கத்தியை எடுப்பதா, வைப்பதா என்னும் முடிவு பெரும்பாலும் நோயாளியின் சொல்லைக் கொண்டே தொடங்குகின்றது. சொல் எம் கலையைச் சார்ந்தது. தமிழ்நாட்டிலும் புதுவையிலும் மருத்துவக் கல்வி ஆங்கிலத்தில் நடக்கின்றது. வலியோ தமிழில் வருகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள பள்ளத்தில் உயிர்கள் விழுதல் கூடும் என்பதும், அப்பள்ளத்தை மேடு படுத்துவதில் தமிழ்த் துறைகளுக்கு ஒரு பங்கு உண்டு என்பதும் யாம் ஈண்டு எடுத்துரைக்க விரும்பும் கருத்தாம்.

புதுவையை முன்னிறுத்திப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மேனாட்டு மருத்துவம் அந்நகரில் நெடுங்காலம் வேரூன்றியது. பிரெஞ்சியர் 1823ஆம் ஆண்டிலேயே அங்கு ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவினர். 1954இல் ஆட்சி கைம்மாறிய பின்னர், 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. 1964இல் அதுவே ஜவஹர்லால் பெயர் தாங்கிய பட்டமேற்படிப்பு நிலையமாக, நாம் சுருக்கி வழங்கும் ‘ஜிப்மர்’ ஆக வளர்ந்தது. 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாயிற்று. கோரிமேட்டில் உள்ள அம்மருத்துவமனைக்குப் புதுவை மக்கள் மட்டுமன்றிக் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைச் சீமைகளின் உழவரும் கூலியாளரும் நாளும் திரண்டு வருகின்றனர். கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் இந்தியாவின் எல்லா மூலைகளினின்றும் வருகின்றனர். இஃது ஒரு குறையன்று, பெருமையே. வடக்கே பிறந்த இளைஞர் ஒருவர் தென்னார்க்காட்டுக் கிழவியின் நாடி பிடிக்கின்றார் என்பது இந்நாட்டின் ஒருமைக்கு ஓர் அழகிய சான்று. ஆனால் கிழவியின் நாடி பேசும் மொழி ஒன்று. கிழவி பேசும் மொழி வேறொன்று.

இப்பகுதிக்கும் வயிற்று நோய்க்கும் உள்ள உறவு பழையது. தமிழிலக்கிய வரலாற்றிலே மிகப் பெயர் பெற்ற வயிற்றுவலி எங்கே நேர்ந்தது என்று வினவின், புதுவைக்குத் தெற்கே, இன்றைய கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூரில் என்க. ஏழாம் நூற்றாண்டில் அங்குச் சமணப் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றிருந்தவரைச் சூலை நோய் பற்றியது. சேக்கிழார் பெரியபுராணத்தில் இதனை உரைக்கும் முறை, சமய நோக்கினை விலக்கிப் பார்ப்பினும், ஒரு நோய்க்குறிப்பாகவே நிற்கின்றது. வலி குடலைப் பற்றிய விதம், நோயாளர் உணர்வழிந்து வீழ்ந்தமை, உடனிருந்தோர் மந்திரித்தும் மயிற்பீலி கொண்டு தடவியும் பயனின்மை, பின்னர் அவர் தமக்கு உணவு சமைப்பவனைத் திருவதிகையிலிருந்த தமக்கையார் திலகவதியாரிடம் செய்தி சொல்ல அனுப்பியமை, தமக்கையார் அங்கு வர மறுத்தமையின் இரவோடிரவாகத் தாமே சென்று சேர்ந்தமை ஆகிய யாவும் வரிசையாக வருகின்றன. எம் வகுப்பில் இப்பகுதியைப் படித்தபோது யாம் வியந்தது ஒன்று. நோயாளர் பெரும்புலவர், பின்னாளில் நாவுக்கரசர் என்றே பெயர் பெற்றவர். அத்தகையவரும் தம் வலியை மற்றொருவன் வாய்வழியே சொல்லியனுப்ப வேண்டியதாயிற்று. கேட்டவர் உடன்பிறந்தாள் ஆகலின் சொல் பழுதுபடாமற் சேர்ந்தது. இன்று அதே கடலூர்ப் பக்கத்திலிருந்து வண்டியேறி வரும் நோயாளி, முன்பின் அறியாத ஒருவர் வாய்வழியே, வேற்றுமொழியாளர் ஒருவருக்குத் தம் வலியைச் சொல்லுகின்றார்.

நிற்க. சொல்லினால் நோய் அறியப்படும் என்று பொதுவாகக் கூறினாற் போதாது. எங்ஙனம் என்று காட்டல் வேண்டும். வலி விட்டு விட்டு வருகின்றதா, விடாது நிற்கின்றதா என்பது முதல் வினா. குடலோ குழாயோ அடைபட்டு, அடைப்பைத் தள்ள முறுக்கிப் பிழியும்போது வலி அலை போல எழுந்து தணியும். அழற்சியினால் வரும் வலி அங்ஙனம் தணியாமல் ஒரே நிலையாய் நிற்கும். கல்லடைப்புடையவர் ஓரிடத்தில் இருக்க மாட்டாது புரண்டு துடிப்பர். வயிற்றின் உள்ளுறை முழுதும் அழன்றவரோ அசைந்தால் உயிர் போம் என்று கட்டை போற் கிடப்பர். வலி எங்கே தொடங்கிற்று, எங்கே பெயர்ந்தது என்பது இரண்டாவது. தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றில் வந்து நிலைத்தது என்றால் குடல்வாலை ஐயுற வேண்டும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகிற்கு ஊடுருவிற்று என்றால் கணையத்தை நினைத்தல் வேண்டும். விலாவிற் பிறந்து தொடைச் சந்து வரை இறங்கினால் சிறுநீரகத்துக் கல். திடீரெனக் கத்தி பாய்ந்தாற்போல் வந்தது என்றால், ‘எத்தனை மணிக்கு?’ என்று கேட்டால் நிமிடமும் தவறாமற் சொல்லுவாராயின், இரைப்பை துளைபட்டிருத்தல் கூடும்.

இப்பொழுது தமிழின் வளத்தைக் காண்மின். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், பிசைதல், முறுக்கல், சுருட்டிப் பிடித்தல், இழுத்தல், அறுத்தல், பொருமல், உப்பிசம், உளைச்சல், சுருக்கென்றல், விண்விண் என்று தெறித்தல் என எத்தனை சொற்கள்! இவை ஒன்றற்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல. ‘கடுக்கின்றது’ என்பவள் ‘குத்துகின்றது’ என்று ஒருகாலும் சொல்லாள். நம் சித்த மருத்துவ முன்னோர் குன்மத்தை எட்டாகப் பகுத்து, எரிகுன்மம், வலிகுன்மம் என்று பெயரிட்டது நோயாளர் சொல்லை ஊன்றிக் கேட்டமையாலன்றோ? மேனாட்டாரும் இதன் அருமையை அறிந்தனர். கானடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரொனால்டு மெல்சாக் என்னும் உளநூலறிஞர், ஆங்கிலத்தில் வலியைக் குறிக்கும் 78 சொற்களைத் திரட்டி, இருபது குழுவாக வகுத்து, 1975இல் ஒரு வினாத்தாளாக வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் அது வழங்குகின்றது. தமிழில் அதனை மொழிபெயர்த்துக்கொள்ளலாமே என்பார்க்கு எம் விடை: ஆங்கிலேயன் வலியை மொழிபெயர்ப்பதினும் தமிழன் வலியைத் தமிழிலேயே கேட்டெழுதுதல் நன்று.

பெயர் பிறந்த பின்னரே மருந்து பிறக்கும் என்பதற்குக் குடல்வால் நோயின் கதையே சான்று. அந்நோய் மனிதனோடு தொன்றுதொட்டு வருவது. 1735இலேயே இலண்டனில் கிளாடியஸ் அமியாண்டு என்னும் அறுவையாளர், குடலிறக்கம் கண்ட ஒரு சிறுவனது துளைபட்ட குடல்வாலை நீக்கினார். ஆயினும் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் வலப்பக்க அடிவயிற்று வீக்கம் எல்லாம் பெருங்குடலின் நோயென்றே கருதப்பட்டு, மருத்துவர் கைகட்டி நின்றனர். 1886இல் பாஸ்டனைச் சார்ந்த ரெஜினால்டு பிட்ஸ் என்பார், பிழை குடல்வாலினிடத்தது, காலத்தால் அறுத்தல் வேண்டும் என்று காட்டி, அதற்கு ஒரு பெயரும் இட்டார். அச்சொல் அத்துணைப் புதிதாகலின், 1888இல் நிறைவுற்ற ஆக்ஸ்போர்டுப் பேரகராதியின் முதற்றொகுதியில் அதற்கு இடமில்லை. 1902 ஜூன் மாதம், முடிசூட்டு விழாவிற்கு இரண்டு நாள் முன்பு ஏழாம் எட்வர்டு மன்னருக்கு அந்நோயே வந்து, பிரெடெரிக் டிரீவ்ஸ் என்னும் அறுவையாளர் சீழினை வெளிப்படுத்தி, விழா ஆகஸ்டு மாதத்திற்குத் தள்ளிப்போன பின்னர் அச்சொல் எல்லார் வாயிலும் புகுந்தது. அகராதியார் அரசனுடைய வயிற்றினால் கற்றனர் போலும்!

1986இல் அல்வராடோ என்னும் மருத்துவர் குடல்வால் நோயை அளக்கப் பத்து மதிப்பெண் கொண்ட ஓர் அளவுகோல் வகுத்தார். பலவிடங்களில் அவசரப் பிரிவு மருத்துவர் இன்றும் அதனைக் கையாளுகின்றனர். அப்பத்தில் மூன்று, நோயாளி வாயினின்று மட்டுமே கிடைப்பன: வலி இடம் பெயர்ந்ததா, பசி அற்றதா, குமட்டலோ வாந்தியோ உண்டா. மொழி அறியாமையால் இம்மூன்றும் போயின், பத்துக்கு ஏழே மிஞ்சும். ஐயத்திற்கும் துணிவிற்கும் இடையே உள்ள தொலைவு அவ்வளவே.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து மருத்துவமனையில் நிகழ்ந்த ஒரு சோதனை இதனினும் வியப்புடைத்து. டி டோம்பல் என்பாரும் அவர் துணைவரும் கடும் வயிற்றுவலியோடு வந்த 304 பேரை ஒரு கணிப்பொறியின் துணைகொண்டு ஆராய்ந்து, 1972இல் முடிவினை வெளியிட்டனர். கணிப்பொறியின் கணிப்பு நூற்றுக்கு 91.8 பங்கு சரியாயிற்று. மூத்த மருத்துவர் கணிப்பு 79.6 பங்கே. இதனைக் கேட்டோர் பலரும் ‘பொறி மனிதனை வென்றது’ என்று பறைசாற்றினர். எமக்கோ அதன் உட்பொருள் வேறாகத் தோன்றுகின்றது. அப்பொறி வயிற்றைத் தொட்டறிந்ததில்லை. மருத்துவர் குறித்த ஒழுங்கில் ஒவ்வொரு வினாவையும் விடாது கேட்டு, விடையை எழுதித் தந்ததை அது கூட்டிக் கழித்தது. சோதனை நடந்த காலத்தில், அங்ஙனம் வரிசையாகக் கேட்டு எழுதும் பழக்கத்தால், மருத்துவருடைய கணிப்பும் உயர்ந்தது. சோதனை முடிந்து பழக்கம் நெகிழ்ந்தவுடன் அதுவும் தாழ்ந்தது. வென்றது பொறியன்று, கேள்வி.

இங்கு ஒரு தடை எழும். ‘ஒலியலைப் படமும், சி.டி. படமும் உள்ளே கிடப்பதைக் கண்முன் காட்டும் இந்நாளில் கிழவியின் உவமைகளைக் கேட்டுக்கொண்டிருப்பதா?’ என்பர். படக்கருவிகளின் மாட்சியை யாம் மறுக்கவில்லை. அவற்றால் வீணான அறுவைகள் குறைந்தன. ஆயின் கருவி, காட்டிய திசையிற் பார்க்கும். எத்திசையிற் பார்ப்பது என்று அதற்குச் சொல்லவேண்டியவர் மருத்துவர், மருத்துவர்க்குச் சொல்லவேண்டியவர் நோயாளி. குடலுக்குக் குருதி செல்லும் நாளம் அடைபட்ட முதியவரின் வயிறு தொட்டால் மெத்தென்றே இருக்கும். அவர் படும் வேதனையோ அளவிறந்தது. அவ்வேதனையை நம்பினாலன்றி நாளத்தைக் காட்டும் தனிப்படம் எடுக்க யாரும் நினையார். மேலும், நள்ளிரவில் ஒரு கருவி, அதன் முன்னே இருபது பேர் என்னும் நிலையில், முதலில் யார் என்பதனை எந்தப் படமும் தீர்மானிக்க மாட்டாது.

சென்ற கோடை விடுமுறையில் உறவினர் ஒருவருக்குத் துணையாகப் புதுவையில் ஒரு மருத்துவமனையில் இரண்டு இரவு தங்க நேர்ந்தது. அதன் பெயர் ஈண்டு வேண்டுவதன்று. அங்கு ஒரு மூதாட்டியைப் பேரன் தோளிற் சாய்த்துக் கொண்டுவந்தான். ‘வவுத்துக்குள்ளே ஈரத்துணிய முறுக்கிப் புழியறாப்போல இருக்குது சாமி, செத்த நேரம் விட்டுடுது, மறுபடியும் புழியுது’ என்று அவ்வம்மையார் சொன்னார். எத்துணைத் துல்லியமான வாக்கு! குடலடைப்பின் இலக்கணம் முழுதும் அதனுள் அடங்கிற்று. இளமருத்துவர் வேற்று மாநிலத்தார். அருகில் நின்ற பணியாளரை நோக்கினார். பணியாளர் அவ்வாக்கு முழுவதையும் ‘ஸ்டமக் பெயின்’ என்னும் இரண்டு சொல்லில் முடித்தார். மருத்துவர் நல்லவர், அதனோடு அமையாது, வயிற்றின்மேற் கைவைத்து நெடுநேரம் இருந்தார். பின்னர்க் காற்றுப் பிரிந்ததா என்று கேட்கச் சொன்னார். பணியாளருக்கு அதனைக் கேட்க நாணம். ‘நல்லா இருக்கீங்களா’ என்பது போல ஏதோ கேட்டு, ‘ஆம்’ என்று விடை கூறிவிட்டார். அவ்வழியே சென்ற செவிலி ஒருவர் நின்று, குனிந்து, ‘ஆயா, காத்துப் பிரிஞ்சுதா, வெளிக்குப் போனியா?’ என்று உரக்கக் கேட்டார். ‘மூணு நாளாச்சு தாயி’ என்றார் மூதாட்டி. உடனே படுக்கை உள்ளே உருண்டது. பிறகு நடந்தது எமக்குத் தெரியாது. அச்செவிலியின் பதவிப்பெயரில் மொழிபெயர்ப்பாளர் என்பது இல்லை. அவர் ஊதியத்திலும் அதற்குப் பங்கு இல்லை.

பெண்டிர் நிலை இதனினும் கடிது. பிள்ளைப்பேற்றுக்குரிய வயதில் உள்ள எந்தப் பெண்ணும் அடிவயிற்று வலியோடு வந்து மயங்கி வீழ்வாளாயின், கருக்குழாயிலே கரு தங்கி வெடித்ததோ என்பதே மருத்துவர் முதலில் எண்ண வேண்டுவது. உள்ளே குருதி கொட்டிக்கொண்டிருக்கும், தாமதம் உயிரைக் கொள்ளும். இதற்குரிய வினா, மாதவிலக்கு எப்பொழுது என்பது. நம் நாட்டுப்புறத்துத் தாய், ‘இரண்டு மாதமாய்க் குளிக்கவில்லை’ என்பாள். மரபறிந்தவர்க்கு அது கருவுற்ற குறிப்பு. மரபறியாதவர்க்கு நீராடாத செய்தி. ‘நாள் தள்ளிப்போயிற்று’ என்பதும், ‘முழுகாமல் இருக்கின்றாள்’ என்பதும் அத்தகையனவே. இவற்றைப் பேசப் பழகிய நாவும் ஓர் ஆடவர் முன்னிலையில், மாமியார் அருகில் நிற்க, திறவாது. மணமாகாத பெண்ணாயின் சொல்லவே வேண்டா. ஆகவே இவ்வினாவைக் கேட்க ஒரு பெண் வேண்டும், ஒரு திரை வேண்டும், மரபறிந்த தமிழ் வேண்டும். சிறுநீர் கொண்டு கருவை அறியும் சோதனை எளிது, மலிவு. அதனை எல்லார்க்கும் தவறாது செய்தல் நன்று. ஆனால் சோதனைக்கு உடன்படச் செய்வதும் சொல்லே.

ஆடவர்க்கும் ஒரு வாயடைப்பு உண்டு. புதுவையில் மதுவின் விலை அண்டை மாவட்டங்களைவிடக் குறைவு என்பது எல்லாரும் அறிந்தது. கணையம் அழற்சியுறுதற்கு மது ஒரு தலையாய காரணம். ‘குடிப்பதுண்டா?’ என்று மனைவி முன்னே கேட்டால், ‘எப்பொழுதாவது’ என்னும் விடையே வரும். தனித்துக் கேட்டாலும், ‘கட்டிங்’ என்றும் ‘குவார்ட்டர்’ என்றும் வரும் கணக்கு, 90 மில்லி, 180 மில்லி என்று பெயர்த்துச் சொல்ல ஆளில்லாவிடின் தாளில் ஏறாது. இச்சொற்களை ஆண்டுமலரில் எழுதியதற்கு எம் ஆசிரியர் பொறுப்பாராக. நோயாளர் அகராதியில் இவையும் இலக்கியச் சொற்களே.

மற்றொரு சொல்லை யாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த விரும்புகின்றோம், அது ‘வாய்வு’. நெஞ்சு வலித்தாலும் வாய்வு, விலா பிடித்தாலும் வாய்வு, குடல் துளைபட்டாலும் வாய்வு. இச்சொல்லின் நிழலிலே எத்தனை வீடுகளில் பொழுது கழிகின்றது! முதலில் ஓமநீர், பின்னர் மருந்துக்கடையில் மாத்திரை, பின்னர் வயிற்றைத் தடவிக் குடலேற்றம் எடுக்கும் கை, சிலவிடத்து விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியும் போக்குவர். அழன்ற குடல்வாலின்மேல் பேதிமருந்தும் அழுத்தமும் செய்யும் கேடு பெரிது. சாகரி கோப் என்னும் ஆங்கில அறுவையாளர், கடும் வயிற்றுநோயை விரைந்தறிவது பற்றி 1921இல் இயற்றிய நூலில் ஒரு பொதுவிதி வகுத்தார்: முன்னர் நலமாயிருந்தவர்க்கு வந்த கடுவலி ஆறு மணி நேரம் தணியாது நின்றால், அது பெரும்பாலும் அறுவையாளர் பார்க்கவேண்டிய வலி என்பது. ஆறு மணி நேரம் என்னும் இவ்வொன்றை ஊர்தோறும் உள்ள பள்ளிச் சுவரில் எழுதலாம்.

பழைய மருத்துவர் ஒரு தவறான இரக்கமின்மையையும் விதியாக வைத்திருந்தனர். வலியைத் தணித்தால் நோய் மறைந்துவிடும். ஆதலின் நோய் இன்னதென்று தெளியும் வரை வலிமருந்து கொடுத்தலாகாது என்பது அது. பிற்காலத்து ஆய்வுகள் அவ்வச்சம் அடிப்படையற்றது என்று காட்டிவிட்டன. வலி தணிந்தவர் வயிறு நெகிழ்ந்து, தொட்டறியவும் இடங்கொடுப்பார். வாய் திறந்து கோவையாகப் பேசவும் வல்லராவார். ‘வலிக்கு ஊசி போடுங்கள் ஐயா’ என்று கெஞ்சும் உறவினரைப் பழைய விதியைக் காட்டி அதட்டுதல் இனி எங்கும் நிகழலாகாது.

மருத்துவத்தைத் தமிழிற் சொல்ல இயலுமா என்று இன்னும் ஐயுறுவோர் யாழ்ப்பாணத்தை நோக்குவாராக. அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாமுவேல் பிஸ்கு கிறீன் என்னும் மருத்துவர் 1847இல் அங்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில், பின்னர்த் தமிழில். 1867இல் அறுவை மருத்துவ நூலொன்று ‘இரண வைத்தியம்’ என்னும் பெயரால் தமிழில் வெளிவந்தது. 1872இல் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று வந்தது. வந்தேறிய மனிதர் நோயாளியின் மொழிக்குத் தாம் இறங்கினார்; நோயாளியைத் தம் மொழிக்கு ஏறச் சொல்லவில்லை. மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் அவர் பெயரை ஆண்டு விழாவில் ஒருமுறை சொல்லி நிறுத்திவிடுகின்றோம். முன்னர்க் கூறிய சாகரி கோப்போ 1947இல் கடும் வயிற்றுநோய் முழுவதையும் ஆங்கிலச் செய்யுளாகப் பாடி, புனைபெயரில் வெளியிட்டார். மருத்துவத்தை யாப்பில் அடக்கிய சித்தர் மரபில் வந்த நமக்கு இச்செய்தி நகையும் உவகையும் ஒருங்கே தருகின்றது.

ஆதலின், கனவு காணாது, கைக்கு எட்டுவனவற்றைச் சொல்லுவோம். 2019இல் வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டம், முதலாண்டு மாணவர்க்குரிய தொடக்கப் பயிற்சியில் வட்டார மொழிக்கும் இடம் வகுத்தது. அவ்விடத்தில் கற்பிக்கும் தமிழ், பெயரும் ஊரும் கேட்கும் அளவில் நின்றுவிடலாகாது. ‘காற்றுப் பிரிந்ததா’, ‘விட்டு விட்டா, விடாமலா’, ‘எங்கே தொடங்கி எங்கே போனது’ என்பவற்றிலேயே தொடங்குதல் வேண்டும். ‘சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை’ என்பதைப் பிறகு கற்கலாம், காய்க்காரி காத்திருப்பாள். அடுத்து, நோயாளர் குறிப்புத்தாளின் தலைப்பில் ஒரு வரி இடம் விடுக. அதில் நோயாளி சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே, தமிழ் எழுத்தில், யாரேனும் ஒருவர் எழுதுக. ‘ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல’ என்னும் அவ்வரி, மறுநாட் காலையில் சுற்றி வரும் மூத்த மருத்துவர் கண்ணிற் படும். செலவு ஒரு துளி மை.

மூன்றாவது நமக்குரியது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வெளிவந்து, லட்சத்திற்கு மேற்பட்ட சொற்களைத் தாங்கி நிற்கின்றது. அதனைப் புரட்டி வயிற்று நோய்ச் சொற்களை எம் வகுப்பினர் ஐவர் குறித்து வருகின்றோம். ஏட்டுச் சொல் எளிதிற் கிடைத்தது, வாய்ச்சொல்தான் அரிதாயிருக்கின்றது. ‘உருளுகின்றது’ என்று தஞ்சையில் சொல்லுவதும் ‘பெரட்டுகின்றது’ என்று மற்றோரிடத்துச் சொல்லுவதும் ஒன்றா, வேறா என்பதில் எமக்குள்ளேயே வழக்குத் தீரவில்லை. மருத்துவம் பயின்று பல மாவட்டங்களிற் பணிபுரியும் பழைய மாணவர்களும், செவிலியராயுள்ள சகோதரிகளும், தத்தம் ஊர் நோயாளர் சொன்ன சொல்லை, எந்த ஊர், ஆணா பெண்ணா, என்ன நோயென்று பின்னர்த் தெரிந்தது என்னும் மூன்று குறிப்போடு, பெயரை மட்டும் விடுத்து, கல்லூரித் தமிழ்ச் சங்கத்திற்கு எழுதியனுப்புமாறு வேண்டுகின்றோம். தாள் எவ்வளவு கசங்கியதாயினும் வாங்கிக்கொள்வோம். ‘பெரட்டுகின்றது’ என்னும் சொல்லைப் பற்றி அறிந்தவர்கள் முதலில் எழுதுக.